காட்டோரத்தில் வைத்த சோறு

காட்டை அறுத்தவர்களை எவரும் விசாரிக்கவில்லை. காட்டோரத்தில் சோறு வைத்தவரை விசாரித்தார்கள். கால் தரைக்கு எட்டாத வயதில், ஊர் மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்து, அந்த விசாரணையை நான் பார்த்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியின் மேற்கு மலைகளில், காட்டையொட்டிய சிற்றூரில் எங்கள் வீடு. அம்மாவின் அண்ணனான மாமா எங்களோடு தங்கி, ஊர்ப் பண்ணையொன்றில் பன்றிகளைப் பராமரித்தார். எங்களுக்குக் கிடைத்த நிரந்தர விசா அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. வேலை இருக்கும்வரைதான் அவருக்கு இந்த நாடு.

மன்னாரிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் அந்தோனியார் திருநாளுக்குப் பலரையும் அழைத்துச் சமைப்பது வழக்கம். மிஞ்சியதைக் குப்பையில் கொட்டுவது பாவம். வாயில்லாச் சீவன் எதற்காவது வைக்கவேண்டும். தெருநாய் இல்லாத இந்த நாட்டில், மாமா சோற்றையும் பன்றிக்கறியையும் வாளியில் அள்ளிக்கொண்டு, காட்டுப்பன்றிகள் வரும் காட்டோரம் புறப்பட்டார்.

"பண்டிக்கே பண்டிக்கறி படைக்கிற ஆள் நீங்கள் ஒராள்தான், மச்சான்," என்றார் அப்பா.

"உங்கடை வாய்க்குத் தப்பினதைத்தானே குடுக்கிறன்," என்றார் மாமா.

அதை அயலவர் ஒருவர் பார்த்தார். சில வாரங்களில் பண்ணைப் பன்றிகளிடம், இறைச்சி மிச்சத்தாலும் பரவக்கூடிய பன்றிக்காய்ச்சல் கண்டது. அதிகாரிகள் வந்தார்கள். நோயுற்றவையும் நோயற்றவையும் ஒன்றாகவே கொல்லப்பட்டன. புட்டிப்பால் கொடுத்துத் தான் வளர்த்த குட்டிகளை மாமாவே கொட்டிலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கும் ஒருவர் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையோடுதான் மாமா ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். வாசலில் அம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உள்ளுக்கை வாயைத் திறவாதேங்கோ. கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை? களவே எடுத்தனான்? சோறுதானே வைச்சனான்."

சோறு வைத்தது தவறுதான், சட்டப்படியும் தவறு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சபை மறைத்தவற்றை யார் சொல்வது? முந்தைய குளிர்காலத்தில், மரம் விற்பதற்கும் அகலப் பாதை போடுவதற்கும் அந்தக் காட்டை நடுவே பிளந்தார்கள். உள்ளேயே திரிந்த காட்டுப்பன்றிகள் இயந்திர இரைச்சலுக்கு அஞ்சி வயல்களுக்கும் பண்ணை வேலிகளுக்கும் இறங்கின. சுடுவதற்கு வசதியாக, வேட்டைக்காரர்கள் சோளத்தைக் குவித்து வைத்தார்கள். ஒன்றையொன்று கண்டேயிராத கூட்டங்கள் ஒரே குவியலில் மூக்கை நுழைத்துத் தின்றன. எங்கள் திருநாளுக்கு முன்பே, மலைக்கு அப்பால், புதுப்பாதையின் ஓரத்தில் காட்டுப்பன்றிகள் காய்ச்சலில் செத்துக் கிடந்தன. அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் இது தெரியும். கொதிக்கக் கொதிக்க வெந்த கறியில் கிருமி உயிரோடு இருக்காது என்பது, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த கால்நடை அதிகாரிக்கும் தெரியும். தெரிந்தும் எவரும் வாய் திறக்கவில்லை. பாதை போட்டவர்களுக்குப் பாதை மிஞ்சியது. மரம் விற்றவர்களுக்கு லாபம் மிஞ்சியது. எங்கள் மாமாவுக்கு விசாவும் மிஞ்சவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை நினைத்தால் என் இரத்தம் கொதிக்கிறது.

வேட்டைக்காரர்களின் தலைவர் எழுந்தார். வெளியிலிருந்து வந்தவர்கள் சிலர் காட்டில் உணவைக் கொட்டுகிறார்கள் என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அங்கே கறுத்த முகங்கள் எங்களுடையவை மட்டுமே. மாமாவின் முதலாளி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா எழுந்தார். தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினார்: "ஆம். நான்தான் வைத்தேன். கூடாது என்று தெரியாது. இனி வைக்கமாட்டேன்."

மண்டபம் அடங்கிப்போனது. உண்மை பேசிய மனிதருக்கு ஒரு சபை செலுத்தும் மரியாதை அது என்று எண்ணி, நான் கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். அம்மா என் கைகளைப் பிடித்து மடியில் அழுத்தினார்.

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. மாமாவுக்கு வேலை தருவதாகச் சொன்ன மாட்டுப் பண்ணைக்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, எவரையும் பாராமல் வெளியேறினார். மாமா நாளைக்கே வேலைக்கு வருவார், அதற்கு ஆயத்தம் செய்யத்தான் அவர் இவ்வளவு அவசரமாகப் போகிறார் என்று நான் நினைத்தேன்.