பழைய அஞ்சும் புது அஞ்சும்

எங்கள் வீட்டுக் குழாயில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். விடியும் நேரத்தில் வந்து அரை மணியில் நின்றுவிடும். அம்மா குழாயைத் திறந்துவைத்து, அடியில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் படுப்பாள். தட்டில் தண்ணீர் விழும் சத்தம்தான் அவளுக்கு அலாரம். குடங்களை நிறைத்துவிட்டு நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி வேனுக்கு ஓடுவாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்கி, குழாய் வாயில் இரண்டு கம்பிகளை விட்டு, தண்ணீர் பட்டால் மணி அடிக்கும்படி புரோகிராம் எழுதினேன்.

"தட்ட எடுத்துரும்மா. நிம்மதியாத் தூங்கு."

நம்பி எடுத்துவிட்டாள். தண்ணீர் வந்தது, நின்றும் போனது. மணி வாய் திறக்கவில்லை. அடுத்த தெரு அடிபம்பிலிருந்து இரண்டு குடம் சுமந்துவிட்டு வேனுக்கு ஓடினாள்.

"ஒன் மணியும் நல்லா அசந்து தூங்கியிருக்குலே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

மணியைப் பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தேன், அலறியது. கம்பிகளும் சரி. புரோகிராமில் மணி இருக்கும் இடம் 5 என்று எழுதியிருந்தேன். போர்டில் டி5 என்று அச்சடித்திருந்த ஊசிக்காலில்தான் மணியின் வயரைச் செருகியிருந்தேன். அஞ்சுக்கு அஞ்சு. இதில் என்ன தப்பு?

அன்று சாயங்காலம் கேஸ்காரர் எங்கள் வாசலில் சிலிண்டரை இறக்கினார். "அஞ்சாம் நம்பர்தான தாயி?"

"நாங்க பழைய அஞ்சுண்ணே. இப்ப பன்னெண்டு. புது அஞ்சு அங்கன கடேசி வீடு. செவுத்துல ரெண்டு நம்பரும் எழுதியிருந்தும் இங்கனயே வாரீகளே" என்றாள் அம்மா.

எனக்குச் சட்டென்று உறைத்தது. போனில் அந்தப் போர்டின் அட்டவணையைத் தேடி எடுத்தேன். மேலே அச்சடித்திருப்பது ஒரு எண். உள்ளே இருக்கும் சிப்புக்குத் தெரிந்த ஜிபிஐஓ எண் வேறு. டி5 என்பது சிப்புக்குப் பதினான்கு. நான் எழுதிய ஐந்து, போர்டில் டி1. என் கட்டளை ஆளில்லாத டி1 வாசலில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது.

மணியின் வயரை டி1-க்கு மாற்றி, கம்பியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள்.

"இருந்தாலும் தட்டும் கெடக்கட்டும்லே" என்று படுக்கும்முன் கவிழ்த்துவைத்தாள். எனக்கு அதுதான் குத்தியது.

நான்காம் நாள் விடியலில் குழாய் புஸ்ஸென்று காற்று விட்டது. மணி அடித்தது. அதன் பிறகுதான் தட்டில் டங்கென்று கேட்டது.

"ஏலே, ஒன் மணி முந்திருச்சுலே" என்று சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கினாள்.

குடங்கள் நிறைந்ததும் தட்டை விளக்கி, நாலு இட்லி வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இனி இதுக்குக் குழாயடியில சோலி இல்ல. திங்கிறதுக்கு ஆகட்டும்."