அக்காவுக்கும் எனக்கும் நடுவில் மோரீன்

லண்டனுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ஒரு விஷயம் எனக்குப் பழகவில்லை. இங்கே மனிதர்கள் நாயிடம் பேசி அடுத்த மனிதருக்குச் சேதி சொல்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு நாய் நிற்கும். அதைப் பிடித்திருப்பவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். "வாடா கண்ணு, இந்த அம்மா போகட்டும்" என்று இங்கிலீஷில் நாயிடம் சொல்வார். நான் நன்றியை நாய்க்குச் சொல்வதா அவருக்குச் சொல்வதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு போவேன். மரியாதைக்காக அப்படிப் பேசுகிறார்களாம். எங்கள் பாகூர்ப் பக்கத்திலும் இது உண்டு. ஆனால் மரியாதைக்கு இல்லை, சண்டைக்கு. பேச்சு நின்றுபோன இரண்டு பெண்கள் ஒரே தெருவில் இருந்தால் ஒருத்தி தன் கோழியை விரட்டுவாள்: "ஏ கோழி, கண்டவ வூட்டு வாசல்ல போயி மேயாத. அவளுக்கு வயிறு எரியும்." அடுத்தவள் தன் ஆட்டுக்குட்டியிடம் அதற்குப் பதில் சொல்வாள். சாடை பேசுவது என்று பெயர். பேசமாட்டேன் என்று சத்தியம் செய்வோம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க மட்டும் எங்களால் முடியாது.

நானும் என் அக்காவும் நாலு வருஷம் பேசவில்லை. இரண்டு பேரும் சொல்தா குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டவர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அந்தப் பெரியவர்களின் புண்ணியத்தில் எங்கள் புருஷன்மாருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தோம். அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் தட்டு அடுக்குகிறேன். அங்கே என்னோடு வேலை செய்த மேரியை என் மகன் கட்டிக்கொண்டான். மேரி எங்கள் ஊர்ப் பெண்தான். ஆனால் காலனிப் பெண். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கடல் தாண்டி வந்தபோது அக்கா அந்த ரோட்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு வரவில்லை. "இனிமே அவ வூட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொன்னாள். ஒருவர் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்பதைவிடப் பெரிய வசவு எங்களுக்குக் கிடையாது. நான் அவள் நம்பரை போனிலிருந்து அழித்தேன். மனப்பாடமாக இருந்தது, அது வேறு விஷயம்.

இந்த வருஷம் அக்கா புருஷனுக்கு வேலையிலிருந்து ஓய்வு. ஜூன் மாதம் இரண்டு பேரும் ஊரோடு போய்விடுவதென்று முடிவு செய்தார்கள். போனால் திரும்ப மாட்டார்கள். மேரியின் அம்மா இருக்கும் அதே ஊரில் அக்கா அந்தச் சொல்லோடு நடமாடுவாள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். சொன்ன சொல்லை அவளே மீற வேண்டும். என் மருமகள் கையால் ஆக்கியதை அவள் சாப்பிட வேண்டும். அதற்காக நான் கெஞ்சமாட்டேன்.

அக்கா மகள் கெட்டிக்காரி. "சித்தி, ஸ்காட்லாந்துக்கு ஒரு பஸ் டூர் போட்டிருக்கேன் உனக்கு. மே மாசத்துல அங்க சொர்க்கம் மாதிரி இருக்குமாம். போயிட்டு வா" என்றாள். மேரி ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறி என் சீட்டைத் தேடிப்போனால் பக்கத்து ஜன்னலோரம் அக்கா. அவளும் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நான் அந்தச் சீட்டில் உட்காரவில்லை. நடைபாதைக்கு அந்தப்பக்கம் இருந்த வெள்ளைக்காரக் கிழவியிடம், "நீங்க அங்க போறீங்களா?" என்று கேட்டு இடம் மாற்றிக்கொண்டேன். அவள் பெயர் மோரீன். தனியாக வந்திருந்தாள். இப்படித்தான் எங்கள் நடுவில் ஒரு ஆள் கிடைத்தது.

வடக்கே போகப் போக நாடு கனவு மாதிரி ஆகிவிட்டது. மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூத்த முட்புதர்கள். ஏரிகள் ஒன்று முடிந்தால் ஒன்று, ஆடாமல் அசையாமல், மலையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு கிடந்தன. உச்சியில் இன்னும் பனி இருந்தது, அடியில் ஆட்டுக்குட்டிகள் துள்ளின. இடிந்த கோட்டைகள் தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தன. பஸ்ஸில் எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருந்தோம். நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாது. அந்த நேரத்தில் அக்காவின் குரல் கேட்டது.

"ஏம்மா மோரீன், இந்தக் குளிர்ல காதத் தொறந்து போட்டுகினு ஒக்காந்து கீறாளே ஒருத்தி, அவளுக்குக் காது வலி வருமே, அது கூடவா மறந்துபோச்சு?"

தமிழில்தான் கேட்டாள். மோரீன் ஜன்னலைப் பார்த்து, "யெஸ் டியர், லவ்லி" என்றாள்.

"மோரீன், என் காது எனக்குத் தெரியும்" என்றேன் நான். "நாலு வருஷமா அத யாரும் வந்து மூடிவுடல."

மோரீன் என்னைப் பார்த்தும் தலையாட்டினாள். எனக்குச் சின்ன வயதில் ராத்திரியில் காது குத்தி எடுக்கும். அக்கா தாவணி முனையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி என் காதில் வைப்பாள். மறுபடி ஊதுவாள், மறுபடி வைப்பாள். அந்தச் சூடு காதில் வந்த மாதிரி இருந்தது. கோபத்தில் சால்வையை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் க்ளென்கோ என்ற பள்ளத்தாக்கில் வண்டி நின்றது. டிரைவரே மைக்கில் கதை சொன்னார். அந்தக் காலத்தில் ராஜாவின் பட்டாளத்துக்காரர்கள் இந்த ஊருக்கு விருந்தாளிகளாக வந்தார்களாம். ஊர்க்காரர்கள் இடம் கொடுத்துச் சோறும் போட்டார்கள். பல நாள் சாப்பிட்டுவிட்டு, ஒரு விடியற்காலையில் சோறு போட்டவர்களையே வெட்டிக் கொன்றார்கள். அதன் நினைவாக அங்கே ஒரு கல்லும் நட்டு வைத்திருக்கிறார்களாம்.

"துன்ன வூட்டுலயே கை வெச்சானுங்களே. பாவிங்க, மோரீன்" என்றாள் அக்கா.

எனக்கு வார்த்தை மளமளவென்று வந்துவிட்டது. "துன்னுட்டுக் கொன்னவன் ஒரு ரகம் மோரீன். துன்னமாட்டேன்னு சொல்லியே கொன்னவ ஒரு ரகம். ரெண்டாவது ரகத்துக்கு யாரும் கல்லு நட்டு வெக்கிறதில்ல."

மோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டெரிபிள், டெரிபிள்" என்றாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் ஓடை ஓரத்தில் ஒரு கல்மேல் வரிசையாக உட்கார்ந்தோம், மோரீன் நடுவில். அக்கா காலையில் ஹோட்டலில் போட்ட பீன்ஸைத் தொடவே இல்லை. நான் டப்பாவைத் திறந்தேன். வாசனை அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் போனது. மோரீனுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தேன். யார் செய்தது என்று கேட்டாள். "மை டாட்டர் இன் லா. மேரி" என்று மலைக்கே கேட்கும்படி சொன்னேன். பிறகு டப்பாவை மூடாமல் மோரீன் மடியில் வைத்துவிட்டு ஓடைப்பக்கம் போனேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு கையையும் குவித்து அள்ளினேன். மேரியின் அம்மா இப்படித்தான் குடிப்பாள். எங்கள் நிலத்தில் நடவுக்கு வருவாள். தாகம் என்றால் குனிந்து கையைக் குவிப்பாள், அக்கா சொம்பை உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றுவாள். சொம்பும் கையும் தொட்டுக்கொண்டதே இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை, தண்ணீர் மட்டும் மேலிருந்து விழுந்துகொண்டிருந்தது. பனி உருகிய அந்தத் தண்ணீரில் பல் கூசியது. முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பூனால் இல்லை, கையால். மோரீன் மடியிலிருந்த டப்பாவிலிருந்து நேராக, தலையைக் குனிந்துகொண்டு, காற்றில் முடி வாயில் விழ விழ. நான் அங்கேயே நின்றேன். ஒரு ஆட்டுக்குட்டி பக்கத்தில் வந்து என் செருப்பை மோந்தது. நான் போய் உட்கார்ந்த பிறகும் அவள் நிமிரவில்லை.

"மோரீன், கடலைப்பருப்ப இன்னும் கொஞ்சம் வறுக்கணும்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லச் சொல்லு. பெருங்காயம் சரியா கீது."

"சொல்லுறேன்னு சொல்லு மோரீன்."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. மிச்ச வழியெல்லாம் இப்படியே பேசினோம். லண்டனில் இறங்கும்போது மோரீன் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். புருஷன் போனபிறகு தன்னிடம் யாருமே இவ்வளவு பேசினதில்லை என்றாள். மூன்று நாளும் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கானது இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். இப்போதும் நாங்கள் பேசுவதில்லை. ஆனால் நான் காலையில் டீ போடும் நேரத்துக்கு வீடியோவில் வருவாள், என் முகத்தைப் பார்க்காமல் கோழியிடம் பேசுவாள். நான் போனை கெட்டிலில் சாய்த்துவைத்து கெட்டிலிடம் பதில் சொல்வேன். போன வாரம் வந்தபோது அவள் பின்னால் இருந்தது அவள் வீட்டுச் சுவர் இல்லை. நீல வண்ணம் அடித்த சுவர், நிலைமேல் ஒரு சிலுவை. மேரியின் அம்மா வீடு. அக்கா கையில் தட்டு இருந்தது.

"கோழி, அவளாண்ட சொல்லு. சம்மந்தி வூட்டு மீன் கொழம்புல புளி ஜாஸ்தி."

போனுக்குக் கிட்டே குனிந்தேன். பிறகுதான் பார்த்தேன். நாற்காலி வாசலில் கிடந்தது. மேரியின் அம்மா கதவருகே உள்ளே நின்றுகொண்டிருந்தாள். அக்கா தலையில் முந்தானையைப் போட்டு வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கெட்டில், சொல்லு அவளாண்ட" என்றேன். "வெயில் கொளுத்துது. எழுந்து உள்ள போயி ஒக்காந்து துன்னச் சொல்லு."

இங்கே ஜன்னலில் மழை பெய்துகொண்டிருந்தது. போனில் கண்கூசும் வெயில். கோழி அவள் காலடியில் சிந்திய சோற்றைக் கொத்தி முடித்துவிட்டு, நிலைப்படியைத் தாண்டி நிழலுக்குள் நடந்து போனது. அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.