மூன்று பொட்டலம் சுறாப் பல்

சுறாவுக்கும் எனக்கும் கருவாட்டைத் தவிர வேறு சம்பந்தம் இருந்ததில்லை. மகள்தான் அதைக் கெடுத்தாள். பல்கலைக்கழக ஆய்வுக்கென்று புத்தளம் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் அடுக்கடுக்காகத் தோண்டிய மண்ணை மூன்று பொட்டலமாக எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மனிதனே பிறக்காத காலத்துச் சுறாக்களின் பொடிப் பற்கள் அதில் கிடக்கின்றனவாம். அவற்றைப் பொறுக்கி எழுதிக் கொடுத்தால்தான் பட்டம்.

அன்றிரவு சுறாக் கருவாட்டுக் குழம்பு. நான் பிசைந்து சாப்பிட, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடல் சூடாக இருந்தபோது ஒரு சுறாக் கூட்டம் வாழ்ந்தது, குளிர்ந்ததும் அது ஒதுங்கி வேறு கூட்டம் வந்தது, கரையோரம் வற்றியபோது குட்டி போட இடமில்லாமல் அழிந்தவையும் உண்டு. நான் உம் கொட்டினேன். கதையைக் கேட்டது பாதி, பிள்ளை பேசும் அழகைப் பார்த்தது பாதி.

மறுநாள் அவள் ஹட்டனுக்குப் போயிருந்தாள். தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடை அறையில் முப்பது வருஷம் நின்றவன் நான். பிள்ளை பொடிப் பல்லைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளப்போகிறதே என்று மனசு கேட்கவில்லை. மூன்று பொட்டலத்தையும் ஒன்றாகக் கொட்டிச் சலித்தேன். பெரிசு, நடுத்தரம், தூள் என்று தேயிலையைப் போலவே தரம் பிரித்து மூன்று போத்தலில் போட்டு வைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு!

வந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, ஒவ்வொரு பொட்டலமும் ஒவ்வொரு காலம். எந்தக் கடல்ல எந்தச் சுறா இருந்துச்சுன்னு இனி எப்படிப்பா சொல்றது?”

ஒரு நாளும் தரம் கலக்காத கை இது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“உங்க சார்கிட்ட நான் பேசுறேன். கிழவன் செஞ்ச வேலைன்னு சொல்றேன்.”

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, போனோடு வீட்டுக்குப் பின்னால் போனாள். நான் அடுப்படியில் நின்றதும் குசினி ஜன்னல் திறந்திருந்ததும் அவளுக்குத் தெரியாது. சிங்களத்தில் பேசினாள்; எனக்கும் அது புரியும்.

“மன்னிச்சிருங்க சார். மூணையும் நான்தான் கலந்துட்டேன். என் கவனக்குறைவு.” வெகுநேரம் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு, “ஆறு மாசம் பிந்தினாலும் திரும்பத் தோண்டி எடுக்கிறேன் சார்” என்றாள்.

உள்ளே வந்தபோது சிரித்த முகம்.

“சார் ஒண்ணும் சொல்லலப்பா. திரும்ப எடுத்துக்கலாம்னுட்டாரு. நீங்க சாப்பிட்டீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் சோறு போட்டுத் தந்தாள். ஜன்னல் திறந்திருந்ததை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.