சித்தி கேட்கச் சொன்ன பாட்டு

வானொலியில் ஒரு குழந்தை பேச வந்தால் இன்றைக்கும் நான் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைப்பேன். அறிவிப்பாளர் அதைப் பாடச் சொல்லிவிடக் கூடாதே என்றிருக்கும். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அம்மா. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பஸ் ஏறிய பிறகும் இறங்கித் திரும்பி வருகிறவள். மற்றப் பயங்களுக்குக் காரணம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இதற்கு மட்டும் உண்டு.

அப்போது எனக்கு எட்டு வயது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஒரே எஃப்.எம்.தான் ஓடும். தெருமுனைக் குழாயடியில் ஒரு பாட்டைக் கேட்கத் தொடங்கினால், கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஒரு வரிகூடத் தப்பாது. தண்ணீர் எப்போது நிற்கும், யாருடைய அடையாள அட்டை பஸ்ஸில் கிடந்தது, யாருக்கு அவசரமாக இரத்தம் வேண்டும், எந்த வீட்டில் சாவு எல்லாம் அதில்தான் தெரியவரும். காலை நிகழ்ச்சி அறிவிப்பாளரைப் பற்றிச் சொந்தக்காரரைப் போலத்தான் பேசுவோம். அவருக்குத் தடிமன் பிடித்தால் எங்கள் அம்மா கொத்தமல்லி குடிக்கச் சொல்லி வானொலிப் பெட்டியைப் பார்த்துச் சொல்லுவாள்.

சித்தி, அம்மாவின் தங்கை. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தாள். எதிர்க்கடைப் பையனோடு கதைக்கிறாள் என்று யாரோ அப்பாவின் காதில் போட்டார்கள். பையன் மட்டக்குளி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். அப்பா சத்தம் போடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "இனி வேலைக்குப் போகத் தேவையில்ல" என்றார். அன்றிலிருந்து சித்தி வீட்டிலிருந்து சட்டை தைத்தாள். அவள் போனைத் தொட்டால் அம்மாவின் முகம் மாறும்.

நான் தொடலாம். ஏனென்றால் நான் எஃப்.எம்.முக்குப் பேசுகிற பிள்ளை. துறைமுகத்துப் பக்கம் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. ஒஃபீசில் எல்லாரையும் கேட்கச் சொல்லியிருந்தார். சித்தி நம்பரை அழுத்தி அழுத்தி, லைன் கிடைத்ததும் என் கையில் தந்துவிட்டு ஓடிப்போய் வானொலியின் சத்தத்தைக் குறைப்பாள். குறைக்காவிட்டால் போனுக்குள் கீச்சென்று இரையும், அறிவிப்பாளர் ஏசுவார். அதனால் என் குரல் வானொலியில் எப்படியிருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு முஸ்லிம் மாமிதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "புள்ள சோக்காக் கதச்சிச்சு!" என்று சொல்லுவா.

எந்தப் பாட்டு என்பதைச் சித்தி சொல்லித் தருவாள். யார் யாருக்கு என்பதையும் அவள்தான் பழக்கியிருந்தாள். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, சித்திக்கு, கடைசியாக, புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற எல்லாருக்கும். அந்தக் கடைசியை மட்டும் விடக் கூடாது. அடுத்தடுத்த நாட்களில் புறக்கோட்டையிலிருந்து ஓர் அண்ணா போன் எடுத்து, எனக்காக ஒரு பாட்டுக் கேட்பார். எனக்கு ஒரு ரசிகர் இருக்கிறார் என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, சித்தியோடு கடையில் நின்ற அக்கா ஒருத்தி சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். நான் தரையிலிருந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"அவருக்குக் கட்டார் விசா வந்திருச்சுடி. ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்."

சித்தியின் கையில் அளவு நாடா அப்படியே நின்றது.

"ஒனக்குச் சம்மதம்னா நாளைக்கு அந்தப் பழைய பாட்டப் பாப்பாவக் கேக்கச் சொல்லுவியாம். பாட்டு வந்தா சனிக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு வந்து ஒங்க அத்தான்கிட்ட நேராப் பேசுவாராம். வரலன்னா ஒனக்குக் கரைச்சல் குடுக்காமப் போயிருவாராம்."

"அத்தான் ஒத்துக்குவாராடி?"

"அது அவர் பாடு. நீ மொதல்ல பதிலச் சொல்லு."

இவ்வளவும் என் காதில் விழுந்தது. பாட்டைப் பற்றி ஏதோ கதைக்கிறார்கள் என்பதற்கு மேல் என் மூளை போகவில்லை.

வெள்ளிக்கிழமை பாடசாலை விடுமுறை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். சித்தி தலைக்குக் குளித்து, ஈரத்தோடு போனடியில் நின்றாள். "பாப்பா, வேற ஒண்ணும் பேசாத. அந்தப் பாட்ட மட்டும் கேளு, என்ன?" லைன் கிடைக்கவே நேரமாயிற்று. கிடைத்ததும் என்னிடம் தந்து, ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தாள்.

"ஆ, கொட்டாஞ்சேனை மேடம் வந்திட்டாங்க!" என்றார் அறிவிப்பாளர். பாட்டைச் சொன்னேன். பெயர்களைச் சொன்னேன், புறக்கோட்டை உட்பட. ஒன்றும் விடவில்லை.

"அந்தப் பாட்டு எல்லாரும் கேட்டதுதானே மேடம். நிகழ்ச்சியும் முடியப்போகுது. இண்டைக்கு நீங்களே ஒண்டு பாடுங்களேன்."

வானொலியைக் குறைத்திருந்ததால் அவர் சொன்னது சித்திக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், நான் திடீரென்று நிமிர்ந்து நின்று, பாடசாலையில் பழகிய முயல் பாட்டைத் தொடங்கியதுதான். முயல் கரட் தின்னும், கிணற்றடியில் தூங்கும், பிறகு காணாமல் போகும். சித்தி இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் ஆட்டினாள். அடுத்த அடியையும் பாடச் சொல்கிறாள் என்று நினைத்து அதையும் பாடினேன். முயல் திரும்பி வருகிற அடியையும் பாடினேன்.

அறிவிப்பாளர் கை தட்டி, வணக்கம் சொல்லி வைத்துவிட்டார்.

"பாட்டுப் போடுறாங்களா?"

"இல்ல சித்தி, நானே பாடிட்டேன்!"

அவள் வானொலியைக் கூட்டினாள். சவர்க்கார விளம்பரம் ஓடியது. திரும்பத் திரும்ப நம்பரை அழுத்தினாள். மற்ற நாளில் சிரித்துக்கொண்டே அழுத்துவாள். அன்றைக்கு விரல் வழுக்கியது. நிகழ்ச்சி முடிகிற இசை வந்த பிறகும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பா கேக் வாங்கி வந்தார். "ஒஃபீஸ்ல எல்லாரும் வேலைய விட்டுட்டுக் கேட்டாங்க!" சித்தியிடம் அவர் நேராக எதுவும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அன்றைக்குச் சந்தோஷத்தில், "நீயும் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் அத்தான்" என்றாள் சித்தி.

சனிக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். சித்தி வெளியே இறங்க வழியில்லை. முன்னறையைக் கூட்டினாள், பிறகு இன்னொரு தடவை கூட்டினாள். ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் தையல் மெஷின் நின்றது. யாரும் வரவில்லை.

பத்தாம் வகுப்போடு படிப்பு போதுமென்று நானும் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போன பிறகு, அந்த அக்காதான் மீதியைச் சொன்னாள். அன்றைக்கு அவர் கடைக்கு வந்தவர்களைக்கூடக் கவனிக்காமல் வானொலிக்குப் பக்கத்தில் நின்றாராம். முதலாளி கூப்பிட்ட ஒரு நிமிடத்தில் நான் பாட்டைக் கேட்டது அவருக்குத் தப்பிவிட்டதாம், திரும்பி வந்து என் முயலை மட்டும் முழுவதும் கேட்டாராம். குழந்தையின் வாயை வைத்துச் சித்தி பேச்சை மாற்றி வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாராம். அப்போது சித்தி வெள்ளவத்தையில் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு இரண்டாம் தாரமாகப் போய்ப் பல வருடம். அவளிடம் போய் நான் என்னத்தைக் கேட்பது? இன்றுவரை கேட்கவில்லை.

அந்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை பாடசாலையால் வந்ததும், புதிதாக ஒரு கிளிப் பாட்டுப் பழகியிருந்த உற்சாகத்தில் சித்தியிடம் ஓடினேன்.

"நாளைக்கும் எடுப்பமா சித்தி?"

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "வேணாம் பாப்பா. போதும்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். சித்திக்குப் பாட வராது. வானொலியில் அவள் ஒருநாளும் பேசியதில்லை. கேக்கும் கைதட்டலும் எனக்கே கிடைத்ததில் அவளுக்குப் பொறாமை இருக்கத்தானே செய்யும் என்று தோன்றியது. பெரிய மனது பண்ணி அவளை மன்னித்துவிட்டு விளையாடப் போனேன்.