யேசுவடியான் வீட்டுக்குப் போன பிடியரிசி

சபைக்குப் பிடியரிசி சேர்க்கப் போனவர்கள் எல்லாருக்கும் தெரியும், ஆண்டவர் பேருக்கு எடுத்துவைக்கிற அரிசியில்தான் கல் அதிகம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைக்க வேண்டும். சனிக்கிழமை ஒருத்தி சாக்கோடு வந்து வாங்கிக்கொள்வாள். கதியற்றவர்களுக்குக் கஞ்சி வார்க்க என்று ஏற்பட்டது இது. அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில், எங்கள் சபையில், அந்த ஒருத்தி நான். வயது பதினாறு. எவர் குரலையும் ஒருதரம் கேட்டால் அப்படியே பேசிவிடுவேன். ஆகையால் கீழே வருகிற பேச்செல்லாம் என் வாயால் கேட்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்

ஞானப்பூ அம்மாள் வீட்டுப் பத்தாயத்தில் நெல் தளும்பும். எனக்கு வருவதோ வண்டு ஊர்கிற குருணை. போன மாதம் பொறுக்கமாட்டாமல், இதை யார் அம்மா தின்கிறது என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாளுக்கு மூக்கால்தான் பேச்சு. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆண்டவரு என்ன, பல்லால கடிச்சா திங்கப் போறாரு? கொண்டு போடி."

முகம்

யேசுவடியான் அண்ணன் பனையேறி. பதனீர்க் காலத்தில் உச்சியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறார். புரட்டிப் படுக்கவைக்கக்கூட ஆள் வேண்டும். அவர் பெஞ்சாதி பாக்கியத்தக்காள் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அண்ணன் எழுந்து உட்காருகிறவரைக்கும் பிடியரிசியில் கொஞ்சம் வேண்டுமென்று சபையை நடத்துகிற உபதேசியாரிடம் போய் நின்றாள்.

அவர் ஆலயத்தில் ஜெபம் பண்ணுகிற அதே இழுப்போடு, ஏன் ஞாயிற்றுக்கிழமை காணவில்லை என்று விசாரித்தார். புருஷனை விட்டு வர முடியவில்லை என்றாள். சாக்குகள் உள்ளே அடுக்கிக் கிடந்தன. வெள்ளைக்கார மிஷன் துரை வருகிற அன்றைக்கு அசனம், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிட; அதற்கு வேண்டுமாம். வாய்விட்டு அதைச் சொல்ல வெட்கமாயிருந்திருக்கும். சொன்னது வேறு: "ஆலயத்துல முகம் காட்டாதவங்களுக்கு அளந்தா, முகம் காட்டுறவங்க என்ன நெனைப்பாங்க?"

கலயம்

அந்தச் சனிக்கிழமை பாக்கியத்தக்காள் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவளே கூப்பிட்டாள். அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. சின்னவன் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தான். அவள் மூலையிலிருந்து கலயத்தை எடுத்துவந்து என் சாக்கில் கவிழ்த்தாள். வீட்டில் அரிசி இருந்த நாளில் பிடித்துவைத்த பிடி.

எனக்கு வந்த கோபத்தில், இதைப் பிள்ளைக்கு வடித்துப் போடாமல் சபைக்கு என்ன கொட்டிக்கொடுக்கிறாய் என்று சத்தம் போட்டேன். அவள் என்னைத் தெய்வதூஷணம் பேசினவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அது கர்த்தருக்குன்னு எடுத்து வச்சது மக்கா. நம்மளது இல்ல."

வேலிக்கு வெளியே

உபதேசியாரம்மா எந்த வீட்டுக்குள்ளும் போகமாட்டாள். ஐயா சொல்லியனுப்புகிற சேதி எதுவானாலும் ஓலை வேலிக்கு வெளியே நின்று கரகரவென்று ஒரு சத்தம். அடுப்படியிலிருந்து "சரிம்மா" என்று பதில் வரும், ஆள் வராது. அடுத்த சனிக்கிழமை சாக்கை வீட்டில் போட்டுவிட்டு நான் வேலி வேலியாய்ப் போனேன். அந்த அம்மாள் குரலிலேயே கரகரத்தேன். இந்த வாரத்து அரிசியை அவரவர் கையாலே யேசுவடியான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், ஐயா உத்தரவு, என்றேன். நல்ல அரிசியாக இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எல்லா வீட்டிலும் "சரிம்மா." ஞானப்பூ அம்மாள் மட்டும் உள்ளே யாரிடமோ முணுமுணுத்தாள்: "இந்த அம்மா வாயிலயும் நல்ல வார்த்த வருது, பாத்துக்க."

யார் சொன்னது

போன பெண்கள் கலயத்தை வைத்துவிட்டுத் திரும்பவில்லை. அண்ணன் முதுகில் புண்ணைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி வெந்நீர் போட்டாள். இரண்டு பேர் சேர்ந்து அவரைப் புரட்டினார்கள். ஞானப்பூ அம்மாள் சின்னவனை இடுப்பில் தூக்கிவைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பிறகுதான் சேதி எட்டி உபதேசியாரும் அம்மாவும் மூச்சிரைக்க வந்தார்கள். யார் சொல்லி என்று அவர் கேட்கவும், ஐயா உத்தரவென்று அம்மாதானே சொன்னார்கள் என்றார்கள் எல்லாரும். ஐயாவுக்கு இவ்வளவு இரக்கமா என்று பாக்கியத்தக்காள் அழுதாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமாம், நான்தான் சொல்லச் சொன்னேன் என்றார். மறுநாள் அதையே பிரசங்கமும் பண்ணினார்.

உபதேசியாரம்மா அண்ணனையும் அந்தக் கலயங்களையும் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "அண்ணன் எந்திக்கிற வரைக்கும் இனி சனிக்கெழம நானே சொல்லுவேன். நீ வாயப் பொத்திக்கிட்டு எம் பொறத்தால வாடி."

எங்கள் சபையில் இரக்கத்துக்கு ஒரு குறைவும் இல்லை. மேலிடத்தில் ஏற்கெனவே உத்தரவாகிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும்.