மண்சோற்றில் தெரிந்த வீடு

குருவம்மாள் ஆண் வேலை, பெண் வேலை இரண்டையும் ஒற்றை உடம்பில் சுமந்தவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி மலையேறியவள். பகலெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பாள். பொழுது சாயுமுன் கவாத்து வெட்டிய மிலாறுக் குச்சிகளை விறகுக்குக் கட்டிச் சுமந்து வருவாள். காற்றடித்தால் தான் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துக்கு அவளே ஏறிக் கல் வைப்பாள். புருஷன் மொக்கையன் மலைக்குக் கீழே போடியில் லாரிக்குச் சுமை ஏற்றினான். கூட்டாளிகளோடு அங்கேயே ஒரு கொட்டகையில் படுத்துக்கொள்வதாகச் சொல்லுவான். மாதம் ஒருதரம் வந்து கறிச்சோறு தின்றுவிட்டுப் போவான். அதையே அவள் பாக்கியமாக நினைத்திருந்தாள்.

அவர்கள் மகன் சுடலைமுத்துவுக்கு நாலு வயது. அம்மா ஒருத்தியைத் தவிர அவன் வேறு யாரைப் பார்த்தான்? தேயிலைக் கொட்டையைச் சிரட்டையில் போட்டுச் சோறாக்குவான். நெற்றியில் கயிறு மாட்டிக் கூடை சுமந்து புல் கிள்ளுவான். "என்னல, இன்னிக்குக் கொழுந்து எத்தன ராத்தல்?" என்று லயத்து ஆண்கள் கேலி செய்வார்கள். அவன் சளைக்காமல் பதில் சொல்லுவான். தாய்க்குத்தான் உடம்பு கூசும்.

தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்தவள் ராமுத்தாய், மொக்கையனின் அக்காள். குருவம்மாள் மனசைத் திறந்து பேசும் ஒரே ஜீவன் அவள்தான். "ஆம்பள நடமாடாத வீட்டுல வளருத பய அடுப்பத்தான் சுத்துவான். கொஞ்ச நாள் அப்பன்கிட்ட விட்டுப் பாரு, குருவு" என்றாள்.

ராமுத்தாயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினாள். சித்திரைத் திருவிழா முடிந்து பையன் திரும்பியபோது சிரட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி சமைக்க, அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மண்சோற்றை அதட்டி வாங்கினான். குருவம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. இதைப் பார்க்க வேண்டும் என்று ராமுத்தாயைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தின்று முடித்த பையன் காலை நீட்டினான். நான்தானே உனக்கு அம்மா என்று சிறுமி கேட்டாள்.

"அம்மா இல்ல, சின்னம்மா. காலப் பிடி. தம்பி அழுதான் பாரு, தொட்டில ஆட்டு."

குருவம்மாள் சிரித்தபடிதான் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். ராமுத்தாய் முகத்தில் வியப்பு இல்லை. பையனின் வாயைப் பொத்தப் போன கை பாதியில் நின்றிருந்தது. அதைக் கண்டபின்தான் குருவம்மாளுக்குச் சிரிப்பு உதிர்ந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா மதினி?"

ராமுத்தாய் தரையைப் பார்த்தாள். அந்தச் சின்னம்மா பிள்ளைக்குப் பேர் வைத்ததே தான்தான் என்றாள். மொக்கையன் யாருக்கும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிவிட்டானாம். பையனும் அங்கேயே ஆணாக வளரட்டுமே, உனக்கும் பாரம் குறையும் என்றாள்.

புருஷன் செய்த துரோகம் தீயாய்ச் சுட்டது. ஆனால் தன் கையாலேயே பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்ப வைத்த நாத்தனாரை என்னவென்று சொல்வது? முகம் புதைத்து அழ இருந்த ஒரே மடியும் போயிற்று.

அடுத்த ஞாயிறு மொக்கையன் பையனை அழைத்துப்போக வந்து நின்றான். உன்னிடம் இருந்தால் இவன் சட்டிதான் கழுவுவான் என்றான்.

"கழுவட்டும். சட்டி கழுவுதவன் ரெண்டு வீடு வச்சு நான் பாத்ததில்ல" என்று பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவன் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவள் பிள்ளைக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. கங்காணி திட்டத் திட்ட, மகனைக் கம்பளியில் சுற்றிக் கொழுந்தெடுக்கும் மலைக்கே தூக்கிப் போனாள். உச்சிவேளையில் தூக்குச்சட்டியைத் திறந்தாள். தேயிலைச் செடி நிழலில் சம்மணம் போட்டிருந்த பையன், "ஏட்டி, சோறு கொண்டா" என்றான்.

அச்சு அசல் மொக்கையனின் குரல்.

"எந்திரிச்சு வந்து வாங்கிக்கோ, ராசா."

அவன் அசையவில்லை. அவளும் அசையவில்லை. சோறு ஆறியது. கடைசியில் பசி தாளாமல் அழுதுகொண்டே எழுந்து வந்தான். அவனை வாரியணைத்து ஊட்டும்போது, அவள் கண்ணீரும் அந்தச் சோற்றில்தான் விழுந்தது.