ஊஞ்சலில் அம்மாதான் பாட வேண்டும்

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் என் கல்யாணம் நடந்தது. அப்பா காலமாகிவிட்டதால் பெரியப்பாதான் முன்னின்று எல்லாம் செய்தார். நாதஸ்வரக் கோஷ்டியை அவரே பேசி முடித்தார். ரிசப்ஷனுக்கு மெல்லிசைக் குழு வேண்டும் என்று நான் கேட்டதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஊஞ்சல் பாட்டு என்று வந்தபோதுதான் முகம் மாறினார்.

"அம்மா பாடட்டும்," என்றேன். எங்கள் குடும்பத்தில் அவளைப் போல் பாட வேறு யாருமில்லை.

"சுமங்கலிகள் பாடறதுடி அது. உங்கம்மா பாடப்படாது. அத்தை பாடுவா."

"அவர் சொல்றது சரிதான், விடு," என்றாள் அம்மா.

கல்யாணத்தன்று நாங்கள் ஊஞ்சலில் உட்கார்ந்ததும் அத்தை தொண்டையைச் செருமினாள். நான் இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டேன்.

"என்னடி பண்றே? நாழியாறது!" என்று பெரியப்பா அதட்டினார்.

"அம்மா பாடினாத்தான் ஊஞ்சல் ஆடும்."

என் கணவராகப் போகிறவரும் தன் கால்களை ஊன்றிக்கொண்டார். புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அத்தையே போய், சமையல்கட்டு வாசலில் ஒதுங்கி நின்ற அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள்.

"நீங்களே பாடுங்கோ மன்னி. எனக்கு எங்கே ஸ்ருதி சேரறது?"

அம்மா முதல் வரியில் தடுமாறினாள். அடுத்த வரியில் அவள் குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது. நான் கால்களைத் தூக்கிக்கொண்டேன்.

பெரியப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடச் சொல்லி அம்மாவே கெஞ்சினாள். நான் கேட்கவில்லை.